தீப்பெட்டியின் மேல் ஒரு முகம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு சரக்கை அடையாளம் காட்டித் தருவது அதன்மேல் உள்ள படம்தான். கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்குச் சென்று என் பாட்டி ஒருநாளும் தீப்பெட்டியைப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. கப்பல் போட்டது, குதிரை போட்டது என்றே கேட்பார். கடைக்காரரும் தவறாமல் எடுத்துக் கொடுப்பார். படத்துக்குள்ள இந்த ஆற்றலை வணிகர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே நன்கு அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுகள் மெல்லிய காகித உறையில் விற்கப்பட்டன. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு சிறு தடித்த அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன், அதில் ஒரு படம் இருக்கட்டுமே என்று யாருக்கோ தோன்றியது. ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்டு ஜிண்டர், டர்ஹாம் நகரத்து டியூக் முதலிய நிறுவனங்கள் 1880களில் இத்தகைய அட்டைகளைப் பெருந்தொகையாக அச்சிட்டன. பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் என்று பலவகைப் படங்கள் இருந்தாலும், மிகுதியாக இடம் பெற்றவர்கள் நாடக மேடை நடிகையர். சாரா பெர்னார்ட், லில்லி லாங்ட்ரி, லில்லியன் ரஸ்ஸல் போன்றோரின் முகங்கள் அவர்களுடைய நாடகத்தை ஒருநாளும் பார்த்திராதவர்களின் சட்டைப் பைகளுக்குள் சென்று சேர்ந்தன. ஒரு வரிசையை நிறைவு செய்ய வேண்டும் என்ற ஆசையில் மீண்டும் மீண்டும் அதே சிகரெட்டை வாங்கியவர் பலர். நடிகையின் கலைக்கும் புகையிலைக்கும் என்ன உறவு என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இந்த வேலையைத் தீப்பெட்டி செய்தது. அக்காலத்தில் இங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றவில்லை. சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கின. இந்தியர்களிடம் விற்கவேண்டும் என்பதற்காக இந்தியப் படங்களையே அந்நாட்டார் ஒட்டி அனுப்பினார்கள். அப்படி ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட தீப்பெட்டிகளின்மேல் ஒரு பாடகியின் உருவப்படம் இடம் பெற்றது. அஞ்சலட்டைகளிலும் அதே முகம் அச்சாகி நாடெங்கும் விற்றது. பட்டும் நகையும் அணிந்து, அஞ்சாத பார்வையுடன் நேரே நம்மை நோக்கும் அந்தப் பெண்மணிதான் கல்கத்தா கௌஹர் ஜான்.

அவர் பிறந்தது 1873-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், இன்றைய உத்தரப்பிரதேசத்தின் ஆஜம்கரில். பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் ஏஞ்சலினா யோவார்ட். தந்தை ராபர்ட் வில்லியம் யோவார்ட் ஆர்மீனிய மரபினர் என்பர்; பனிக்கட்டித் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்தவர். தாய் விக்டோரியா ஹெம்மிங்ஸ் இந்திய மண்ணில் பிறந்து, இசையும் நடனமும் பயின்றவர். இவர்களது இல்லறம் நீடிக்கவில்லை. 1879-இல் மணமுறிவு ஏற்பட்டபோது ஏஞ்சலினாவுக்கு வயது ஆறு. கையில் குழந்தையோடு தனித்து நின்ற விக்டோரியா 1881-இல் காசிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தாயும் மகளும் இசுலாத்தைத் தழுவினர். தாய் மல்கா ஜான் ஆனார். மகள் கௌஹர் ஜான் ஆனாள். கௌஹர் என்றால் மாணிக்கம், முத்து என்று பொருள்.

மல்கா ஜான் மனம் தளர்ந்து உட்கார்ந்துவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பாட்டையும் ஆட்டத்தையும் பிழைப்பாக்கிக்கொண்டார். உருதுவில் கவிதை எழுதி நூலாகவும் வெளியிட்டார். 1883-இல் மகளுடன் கல்கத்தா சேர்ந்தார். அயோத்தி நவாபாக இருந்து ஆங்கிலேயரால் பதவி இழந்த வாஜித் அலி ஷா அப்போது அந்நகரின் மட்டியாபுர்ஜ் பகுதியில் வாழ்ந்துகொண்டிருந்தார். நாட்டை இழந்தாலும் இசையை விடாத மன்னர் அவர். அந்த அவையில் மல்கா ஜான் இடம் பெற்றார். சில ஆண்டுகளிலேயே சித்பூர் சாலையில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு மாளிகையை விலைக்கு வாங்கினார் என்றால், அவருடைய திறமை எத்தகையது என்று நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கௌஹரின் கல்விக்கூடம் அந்த மாளிகைதான். பட்டியாலா காலே கான் போன்ற உஸ்தாதுகள் இந்துஸ்தானி இசையைக் கற்பித்தனர். லக்னோவின் பிருந்தாதீன் மகாராஜிடம் கதக் பயின்றார். துருபதமும் வங்காளக் கீர்த்தனமும் வேறு ஆசிரியர்களிடம் தனித்தனியே கற்றார். 1887 வாக்கில், பதினான்கு வயதளவில், தர்பங்கா அரசவையில் அரங்கேறினார்.

இத்தகைய பெண்களை வடநாட்டில் தவாயிஃப் என்று அழைத்தனர். நம் பக்கத்துத் தேவதாசியரோடு ஒப்பிட்டுச் சொல்வதுண்டு. ஆனால் தவாயிஃப் மகளிர்க்குக் கோயிலோடு தொடர்பில்லை. அரசவையும் செல்வர் மாளிகையும்தான் அவர்களுக்குக் களம். இலக்கியம், இசை, நடனம், உரையாடும் நயம் ஆகிய எல்லாவற்றிலும் அவர்கள் தேர்ந்திருந்தனர். பெண்கள் பள்ளியின் வாசலையே மிதிக்காத காலத்தில் படித்த பெண்களாக விளங்கினர். எனினும், அவர்கள் பாட்டை மாளிகைக்குள் அழைத்து ரசித்த செல்வர்கள், அவர்களைத் தம் குடும்பப் பெண்களுக்குச் சமமாக மதிக்க ஒருநாளும் ஒப்பவில்லை. இதை மறந்துவிட்டுக் கௌஹர் ஜானின் வாழ்க்கையைப் படிப்பதில் பயனில்லை.

1902-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் மட்டுமன்றி இந்திய இசை வரலாற்றிலும் ஒரு திருப்பம். இலண்டன் கிராமபோன் கம்பெனி அனுப்பிய ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற இளைஞர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு கல்கத்தா வந்து இறங்கினார். நவம்பர் 8-ஆம் நாள் நாடகக் குழுவைச் சேர்ந்த சசிமுகி, ஃபணிபாலா என்ற இரு இளம் பெண்களின் பாட்டு முதன்முதலில் பதிவாயிற்று. அடுத்து, நவம்பர் 11-ஆம் நாள் வந்தவர் கௌஹர் ஜான். ஒரு விடுதியின் பெரிய அறைகளே ஒலிப்பதிவுக் கூடம். அவர் பெற்ற ஊதியம் மூவாயிரம் ரூபாய் என்பர். அன்றைய பண மதிப்பில் அது ஒரு சிற்றரசர் கொடுக்கும் பரிசுக்கு நிகர்.

அன்றைய ஒலிப்பதிவு முறையை இயற்பியல் மாணவன் என்ற முறையில் சற்றே விளக்க விரும்புகிறேன். அப்போது மைக் கிடையாது. மின்சாரமே இதில் நுழையவில்லை. சுவரிலிருந்து ஒரு பெரிய கூம்புக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். பாடுபவர் அதன் வாய்க்கு மிக அருகில் முகத்தை வைத்து உரக்கப் பாடவேண்டும். குரலால் எழும் காற்றதிர்வு குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியாகக் கோடு கீறும். அந்த நெளிவுதான் குரல். பாடகர் தலையைச் சற்றுத் திருப்பினாலும் ஒலி தேய்ந்துவிடும். கையை நீட்டி அபிநயம் பிடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனை. அன்றியும் ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாட முடியும். ஒரு ராகத்தை ஒருமணி நேரம் விரித்துப் பாடும் மரபில் வந்தவர்கள் இதைக் கண்டு அஞ்சி ஒதுங்கினார்கள். குரலைப் பெட்டி விழுங்கிவிடும் என்று பயந்தவர்களும் உண்டாம்.

கௌஹர் ஜான் ஒதுங்கவில்லை. மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் உருவத்தைக் காட்டி, பாட்டைப் பாடி, விரைந்த தானங்களையும் போட்டு முடிக்கும் ஒரு புது முறையை அவர் வகுத்துக்கொண்டார். பின்னால் வந்த இசைத்தட்டுப் பாடகர் பலருக்கும் அதுவே வழிகாட்டி ஆயிற்று. அவருடைய செல்வத்தையும் பகட்டையும் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சாதனையைப் பேசுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒலிப்பதிவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவர் புதுப் புது ஆடையும் நகையும் அணிந்து வந்தார் என்று கெய்ஸ்பர்க் எழுதியிருக்கிறார். காமிராவே இல்லாத அறையில், ஒரு குழலின் முன் நிற்பதற்குத்தான் இத்தனை அலங்காரம்!

பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்த குரலில் சொல்லி முடிப்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கேதான் இசைத்தட்டுகளாக அச்சாயின. அங்குள்ள தொழிலாளிக்கு நம் மொழியும் தெரியாது, பாடியவர் யார் என்றும் தெரியாது. சரியான சீட்டை ஒட்டுவதற்காகப் பாடகரே கடைசியில் பெயரைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கேட்க, வேடம் பூண்டு வந்தவர் தாம் இன்னார் என்று சொல்லிக்கொள்வதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கூத்தில் சொல்வது துரியோதனன் பெயரையும் அர்ச்சுனன் பெயரையும். கௌஹர் சொன்னது தம் சொந்தப் பெயரை. ஒரு தொழிற்சாலையின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு, அவர் வாயில் ஒரு வெற்றி முழக்கம்போல் ஒலித்தது. 1903-இல் தட்டுகள் விற்பனைக்கு வந்தபோது பாட்டோடு அந்தப் பெயரும் வீடுவீடாகப் பரவியது. தவாயிஃப் ஒருத்தியை வாசற்படி ஏற விடாத வீட்டின் கூடத்துக்குள் அவள் குரல் தன் பெயரைத் தானே அறிவித்துக்கொண்டு நுழைந்தது. அதே வீட்டு அடுப்படியில் தீப்பெட்டியின்மேல் அவள் முகமும் இருந்திருக்கக்கூடும்.

1902 தொடங்கி 1920 வரை அவர் பாடிய பதிவுகள் அறுநூறுக்கும் மேல். வங்காளம், இந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி, பாரசீகம், அரபு, பஷ்தோ, ஆங்கிலம், பிரெஞ்சு என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகள். அவற்றுள் தமிழும் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1910-இல் சென்னைக்கு வந்து விக்டோரியா பொதுக் கூடத்தில் கச்சேரி செய்தார். அதன் பின் அவருடைய இந்தி, உருதுப் பாடல்கள் தமிழில் வெளிவந்த ஓர் இசைநூலிலும் இடம் பெற்றன. வடமொழிச் சங்கீதத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் பாட நம்மவர்களுக்கு எவ்வளவு ஆவல் இருந்தது பாருங்கள். நம் நாடக மேடைகளிலும் அக்காலத்தில் இந்துஸ்தானி மெட்டுகள் கொடிகட்டிப் பறந்தன. கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், நமக்கு அண்டையூரான சேலத்துக் கோதாவரி முதலிய தென்னாட்டு மகளிரும் அந்தப் பத்தாண்டுகளில் இசைத்தட்டில் பாடினர். குலமகளிர் பாடத் தயங்கிய காலத்தில் முதலில் குழலின் முன் நின்றவர்கள் இப்பெண்களே.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டை ஒட்டி நடந்த தில்லி தர்பாரில் அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடினார். புகழின் உச்சி அது. அவருடைய பகட்டைப் பற்றிய கதைகளும் அக்காலத்தவை. பூனை குட்டி போட்டதற்கு இருபதாயிரம் ரூபாய் செலவில் விருந்து வைத்தாராம். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் போகும் உரிமை இல்லாதவர் அதில் போனதற்காக ஆயிரம் ரூபாய் தண்டம் கட்டினாராம். இவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு மெருகு என்று பிரிப்பது கடினம். தண்டம் கட்டிய கதையை மட்டும் நான் சிரித்துவிட்டு விட முடியவில்லை. நான்கு குதிரை யாருக்கு, இரண்டு குதிரை யாருக்கு என்று வகுத்து வைத்திருந்த ஒரு நகரத்தில் அந்த அம்மையார் வேண்டுமென்றே சாட்டையை எடுத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

துன்பம் வேறு திசையிலிருந்து வந்தது. 1906-இல் தாய் மல்கா ஜான் மறைந்தார். அவர்கள் வீட்டு வேலைக்காரியின் மகனாக வளர்ந்த பக்லு என்பவர், தாமே மல்கா ஜானின் மகன் என்றும் சொத்துக்கு உரிமை தமக்கே என்றும் வழக்குத் தொடுத்தார். கௌஹர் முறையான திருமணத்தில் பிறந்தவர் அல்லர் என்பது அவருடைய வாதம். நாடே முகத்தைப் பார்த்து அறிந்த ஒரு பெண், ஆயிரக்கணக்கான தட்டுகளில் தன் பெயரைத் தானே சொல்லிய பெண், தான் இன்னாருடைய மகள் என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க நேர்ந்தது! இதற்காகப் பல ஆண்டுகளாகத் தொடர்பற்றுப்போன தந்தை ராபர்ட் யோவார்டைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டி வந்தது. மகளென்று சாட்சி சொல்வதற்கு அவர் பணம் கேட்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார்கள். முடிவில் வழக்கு கௌஹருக்குச் சாதகமாகவே தீர்ந்தது. ஆனால் வெற்றி பெற்றவர் மனம் அன்று எப்படி இருந்திருக்கும்?

அன்பின் வழியிலும் அவருக்கு நற்பேறு வாய்க்கவில்லை. குஜராத்தி நாடக நடிகர் அம்ரித் கேசவ் நாயக்கிடம் அவர் கொண்ட நேசம், 1907-இல் அந்நடிகரின் திடீர் மறைவோடு முடிந்தது. பின்னர்த் தம்மைவிட இளையவரும் தம் செயலாளருமான குலாம் அப்பாஸ் என்பவரை வாழ்க்கைத் துணையாக ஏற்றார். அந்த உறவும் கசந்து நீதிமன்றம் சென்றது. வழக்குகளில் சொத்தின் பெரும்பகுதி கரைந்தது.

1920 வாக்கில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். விடுதலை இயக்க நிதிக்குக் கச்சேரி செய்து பணம் திரட்டித் தரும்படி காந்தியடிகள் கேட்டாராம். அடிகளே நேரில் வந்து கேட்டால் பாடுவேன் என்று இவர் நிபந்தனை விதித்தார். அன்று வேறு பணியால் அடிகள் வர இயலவில்லை. மௌலானா ஷௌகத் அலி வந்து பணத்தைக் கேட்டபோது, வசூலான இருபத்து நான்காயிரம் ரூபாயில் பாதியை மட்டும் எண்ணிக் கொடுத்தார். பாதி வாக்குத்தானே காப்பாற்றப்பட்டது என்பது அவர் கணக்கு. நாட்டுப் பணிக்கான காசைக் குறைத்தாரே என்று குறை கூறுவோர் இருக்கலாம். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் பணத்தை ஏற்பவர் நம் அவையில் வந்து உட்காரவும் வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார், அவ்வளவே.

அதற்குள் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். கௌஹர் வாழ்ந்த அதே நகரம். திரும்பி வந்து 1923-இல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். ஆஸ்திரியப் பெட்டிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1925-க்குப் பின் ஒலிப்பதிவில் மைக்கும் மின்சாரமும் புகுந்தன. குழலுக்குள் கத்திப் பாடும் தேவை போயிற்று. மெல்லிய குரல்களுக்கும் புதுப் பாடகர்களுக்கும் வழி திறந்தது. பாட்டிலும் ஆட்டத்திலும் வாழ்ந்த மகளிரை ஒதுக்கவேண்டும் என்ற குரலும் நாட்டில் வலுத்தது. கௌஹர் ஜான் கல்கத்தாவை விட்டு வேறு ஊர்களில் வாழ்ந்து பார்த்தார். எங்கும் வேர் பிடிக்கவில்லை.

கடைசியில் அவருக்கு நிழல் தந்தது தென்னாடு. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இசைவாணர். வடக்குத் தெற்கு என்று பாராது கலைஞர்களைப் போற்றியவர். அவரது அழைப்பை ஏற்று மைசூர் சென்ற கௌஹர் 1928 ஆகஸ்டு முதல் நாள் அரண்மனைப் பாடகியாக அமர்த்தப்பட்டார். மாதம் ஐந்நூறு ரூபாய் ஊதியம். குடியிருக்க ஒரு வீடு. ஒரே ஒலிப்பதிவுக்கு மூவாயிரம் பெற்றவருக்கு அது சிறு தொகைதான். உடல்நலமும் குன்றியிருந்தது. 1930-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் மைசூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தாறு. பிள்ளைகள் இல்லை.

அந்தத் தீப்பெட்டிப் படங்கள் இப்போது பழம்பொருள் சேர்ப்பவர்களிடம் மட்டுமே உள்ளன. இசைத்தட்டுகள் பலவற்றைக் கணிப்பொறி வழியாக மீட்டெடுத்திருக்கிறார்கள், கைப்பேசியிலேயே கேட்கலாம். நம் கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்றைக் கேட்டோம். எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் முதலில் ஒரே இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு உச்சக் குரல் ஒன்று எழுந்து சுழன்று இறங்குகிறது. சொற்கள் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. மூன்று நிமிடம் முடியும் தறுவாயில் பாட்டு சட்டென்று நிற்கிறது. மூச்சு வாங்கக்கூட இடைவெளி இல்லை. உடனே அந்தப் பெயர்.